ஏஞ்சல் மீன் முட்டைகள்: பெற்றோரிடமே விடுவதா, தனியே எடுத்துப் பொரிப்பதா?

ஏஞ்சல் ஜோடி முட்டை போட்டிருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது, பெற்றோரே தின்றிருக்கும். இதனால்தான் பலரும் முட்டையை உடனே தனியே எடுத்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. வீட்டில் ஆசைக்கு வளர்ப்பவர்கள் முதலில் பெற்றோரிடமே விட்டுப் பார்க்க வேண்டும்.

தனியே எடுப்பது சுலபம்தான். ஸ்லேட் துண்டையோ பிவிசி குழாயையோ சாய்த்து வைத்தால் ஜோடி பெரும்பாலும் அதில்தான் முட்டையிடும். அதை அப்படியே தூக்கி, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பக்கத்தில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும். குமிழி நேரே முட்டையில் படாமல், நீரோட்டம் மட்டும் பட்டால் போதும். பூஞ்சை வராமலிருக்க, தண்ணீர் இளநீலமாகும் அளவுக்கு மெத்திலீன் புளூ என்ற மருந்தை விடுங்கள். 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரிந்துவிடும். ஒரு ஈட்டில் நூற்றுக்கணக்கில் குஞ்சு கிடைக்கும். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு இதுதான் சரி.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முட்டையை எடுத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளிலேயே பெண் மீண்டும் முட்டையிடும். அப்படியே தொடர்ந்தால் மெலிந்துபோகும். நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

பெற்றோரிடம் விட்டால் என்ன நடக்கிறது என்று அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு முட்டையை எடுக்க மனசே வராது. ஒன்று மாற்றி ஒன்று முட்டைக்கு முன்னால் நின்று பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். வெள்ளையாகிப்போன முட்டையை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுக்கும். மெத்திலீன் புளூவுக்கு அங்கே வேலையே இல்லை. பொரிந்ததும் குஞ்சுகள் தலையிலுள்ள பசையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிக்கவிடும். ஒன்று கழன்று விழுந்தால் தாயோ தகப்பனோ பாய்ந்து வாயில் கவ்வி, பழைய இடத்திலேயே துப்பி ஒட்டவைக்கும். சில நேரம் கூட்டத்தையே வாயால் அள்ளி வேறு இலைக்குக் குடிமாற்றும். அதைப் பார்த்துத் தின்றுவிட்டதாக நினைத்துப் பதறி, கையை உள்ளே விடாதீர்கள்.

சரி, அப்புறம் ஏன் தின்கின்றன? இளம் ஜோடி என்றால் முதல் இரண்டு மூன்று ஈடுகள் போவது சகஜம். ஆனால் பெரும்பாலும் காரணம் நாம்தான். டெட்ரா, ப்ளெக்கோ என்று வேறு மீன்களும் சுற்றுகிற பொதுத் தொட்டியில் விட்டுவிட்டு, பெற்றோரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஜோடிக்கென்று 80 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரவில் மங்கலான ஒரு விளக்கு, முன்னால் ஆள் நடமாட்டம் குறைவு. இவ்வளவு செய்து கொடுத்தும் நான்கைந்து தடவை தின்றால், தாராளமாக முட்டையை எடுங்கள்.

எல்லா முட்டையும் இரண்டே நாளில் வெளுத்துப்போனால் எந்த முறையும் உதவாது. இரண்டு பெண் மீன்களே ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு. முட்டையிடும் நேரத்தில் அடிவயிற்றில் நீளும் குழாயைக் கவனியுங்கள்: ஆணுக்குக் கூராக, பெண்ணுக்குத் தடிப்பாக மழுங்கியிருக்கும். ஆண் இருந்தும் பொரியவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் பலன் தெரியும்.

எந்த வழியில் போனாலும் குஞ்சு சாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பொரிந்து ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சள்கரு தீர்ந்து நீந்தத் தொடங்கும்போது, வாய்க்குச் சரியான உயிருள்ள தீனி தயாராக இருக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரியின் முட்டையை முந்தின நாளே உப்புத் தண்ணீரில் காற்று விட்டு வையுங்கள். பொரிந்ததும் வடிகட்டிக் கொடுத்தால், சிறிது நேரத்தில் குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்புவது கண்ணுக்கே தெரியும். அவித்த முட்டை மஞ்சள்கரு வேண்டாம். சின்னத் தொட்டியில் தண்ணீர் ஒரே நாளில் கெட்டுவிடும்.

பெற்றோரிடம் வளரும் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். வீட்டுக்கு அது போதும். மூன்று நான்கு வாரத்தில் ஜோடி மறுபடி ஸ்லேட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினால், குஞ்சுகளை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த ஈட்டுக்குத் தயாரான பெற்றோர், பழைய குஞ்சுகளை விரட்டத் தொடங்கிவிடும்.