நாகம் பிடிக்க நான் போடும் கோகல்ஸ்: விலை இறங்கினாலும் வாங்கச் சொல்ல மாட்டேன்

எங்களோடு பாம்பு பிடிக்கப் பழகும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க போடுற கோகல்ஸ் விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா? இல்ல, கோவிட் நேரத்து ஃபேஸ் ஷீல்டே போதுமா?"

ஷீல்டு போதவே போதாது. மலேசியாவின் பினாங்கில் கால்வாயோரம் வரும் கருப்பு நாகம், நாஜா சுமத்ரானா, விஷம் பீய்ச்சும் இனம். விஷப்பல்லின் துவாரம் முன்பக்கம் பார்த்திருக்கும். முகத்தைக் குறிவைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே பீய்ச்சும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் எட்டும். அதுவும் தரையிலிருந்து மேல்நோக்கி வரும். ஷீல்டு தாடைக்குக் கீழே திறந்துதானே கிடக்கிறது? மூக்குக்கண்ணாடிக்கோ பக்கமெல்லாம் திறப்பு.

இந்த கோகல்ஸின் ரப்பர் விளிம்பு கன்னத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். காற்றுத் துவாரங்களும் நேராக இல்லாமல் மடங்கிப் போகின்றன. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு வீட்டுப் பின்கட்டில் நாகம் பீய்ச்சியபோது வலது கண்ணுக்கு நேரே ஊசிமுனைத் துளிகள். காய்ந்ததும் மஞ்சள் செதில். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. காய்ந்த விஷமும் விஷம்தான். கையுறையோடு சோப்புத் தண்ணீரில் கழுவினேன்.

ஆனால் ஆவி! மழை விட்ட புழுக்கத்தில் போட்ட சிறிது நேரத்திலேயே கண்ணாடி வெளுத்துவிடுகிறது. ஆவி படியாத பூச்சு என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்; சில வாரத்தில் அது போன இடம் தெரியவில்லை. கடையில் சொன்னால், "அழுத்தித் துடைச்சிருப்பீங்க" என்கிறார்கள். துடைக்காமல் எப்படிப் பார்ப்பது? துவாரத்தைப் பெரிதாக்கினால் விஷம் புகும், அது எனக்கும் தெரியும். இந்த ஊர் ஈரக்காற்றுக்கு எந்த கோகல்ஸும் திணறத்தான் செய்யும். இருந்தாலும் கோபம் அடங்கவில்லை. படம் விரித்த நாகத்தின் முன்னால் பார்வை மறைந்தால் கை தானாக கோகல்ஸைத் தூக்கும். அந்த ஒரு நொடி போதும்.

என் கண்ணைக் காத்தது இதுதான். ஆனாலும் வாங்காதே, தம்பி. ஃபிரேமில் கண் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரக்குறி இ.என். 166 (EN 166) என்றும், துளித் தெறிப்பைத் தடுக்கும் 3 என்ற குறியும், கண்ணாடியில் ஆவி படியாததற்கான 'N' என்ற ஆங்கில எழுத்துக் குறியும் உள்ளதாகப் பார்த்து, கடையிலேயே போட்டு நன்றாக மூச்சுவிட்டுச் சோதித்து வாங்கு. கூடவே ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வண்டியில் இருக்கட்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே கழுவு, 15 முதல் 20 நிமிடம். பால், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். எரிச்சல் அடங்கினாலும் கருவிழியில் புண் இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.