லூர்தா, பாத்திமாவா, ரெண்டுமா? பங்கோடு கிளம்புகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பங்குக் கோயிலிலிருந்து குழுவாக வெளிநாட்டு மாதா கோயில்களுக்குப் போகலாம் என்று பேச்சு எடுத்ததுமே, பிரான்சில் இருக்கும் லூர்தா, போர்ச்சுக்கலில் இருக்கும் பாத்திமாவா என்ற கேள்வி வந்துவிடும். "ரெண்டையும் பார்த்துட்டு வந்துடலாமே, ஒரே விசா செலவுதானே" என்று ஒருவர் சொல்வார். யூடியூப் பார்க்கிற யாராவது மெட்ஜுகோரியே பெயரை எடுப்பார். இதற்குள் ட்ராவல்ஸ்காரர் ரோம், அசிசி, லூர்து, பாத்திமா, போகிற வழியில் பாரிஸ் என்று பத்து நாள் திட்டத்தை வழவழ தாளில் அச்சடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

அந்த நோட்டீஸில் நான் முதலில் தேடுவது இரவுகளின் எண்ணிக்கை. எத்தனை திருத்தலம் என்பது இரண்டாம் பட்சம். லூர்திலும் சரி, பாத்திமாவிலும் சரி, முக்கியமானது இருட்டிய பிறகுதான் தொடங்குகிறது. லூர்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தினமும் இரவு 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி. பாத்திமாவில் இரவு 9.30-க்குச் செபமாலை, சீசனில் அதைத் தொடர்ந்து பவனி. மத்தியானம் வந்து மாலையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இரண்டுமே கிடையாது. அவர்கள் பார்ப்பது ஒரு பெரிய கோயிலையும் கடைத்தெருவையும்தான்.

முதலில் லூர்து. நம் ஊரில், லூர்து மாதாவுக்குக் குகைபோல் கட்டும் கெபி இல்லாத பங்கு வளாகம் அரிது. வில்லியனூரில் 1877-லேயே லூர்து மாதாவுக்குக் கோயில் வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு லூர்துசாமி, ஒரு லூர்துமேரி. அதனால் அசல் கெபியின் முன் போய் நிற்கும்போது, முன்பே தெரிந்த இடத்துக்கு வந்த உணர்வு வரும். ஆனால் நம் கெபிகளில் இருக்கும் நீல பெயின்டும் சீரியல் பல்பும் அங்கே இல்லை. காவ் ஆற்றங்கரையில் ஒரு பாறைக் குடைவு, மேலே மாடத்தில் சுரூபம், அவ்வளவுதான். வரிசையில் உள்ளே போகிறவர்கள் இடது கையால் பாறையைத் தடவிக்கொண்டே நடக்கிறார்கள். கைபட்டுக் கைபட்டு அந்த உயரத்தில் மட்டும் பாறை வழவழவென்று பளபளக்கிறது. மேலே ஈரம் கசிகிறது. மாதா காட்சி கண்ட சிறுமி பெர்னதெத் கையால் மண்ணைத் தோண்டிய இடத்தில் வந்த ஊற்று, பின்பக்கம் கண்ணாடிக்கு அடியில் ஓடுவது தெரியும். தண்ணீருக்குக் காசு இல்லை, வெளியே குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. கடைகளில் விற்பது காலி பாட்டில்தான்.

பெர்னதெத் சுபிரூவுக்கு அப்போது 14 வயது. ஆஸ்துமாக்காரி, எழுத்து வாசனை கிடையாது. அப்பாவின் மாவரைக்கும் ஆலை நொடித்துப்போய், குடும்பமே பழைய சிறைக்கூடத்தின் ஒற்றை அறையில் ஒண்டியிருந்தது. 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 காட்சிகள். 1862-ல் தார்ப் ஆயர் அவற்றை ஏற்றுக்கொண்டார். அந்த ஒற்றை அறையை இன்றும் போய்ப் பார்க்கலாம், குழுக்களில் பாதிப் பேர் பார்ப்பதில்லை. பேராலயத்தைவிட அதைப் பார்க்கச் சொல்லித்தான் நான் வற்புறுத்துவேன். இன்னொன்றையும் கிளம்புமுன்பே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்: பெர்னதெத்தின் உடல் லூர்தில் இல்லை. அவர் துறவியாகி 1879-ல் இறந்தது நெவேரில். அது மத்திய பிரான்சில், பாரிசுக்கும் லூர்துக்கும் இடையில் இருக்கிறது. போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற தூரமில்லை.

குழுவுக்கு ஏற்ற ஊர் என்ற வகையில் லூர்தை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி. காரணம், அந்த ஊரே நோயாளிகளை முன்னால் வைத்துக் கட்டப்பட்டது. பவனியில் சக்கர நாற்காலிகள் முன்னே போகும், நடக்கிறவர்கள் பின்னேதான். தொண்டர்கள் இழுத்துப்போகும் நீலநிற மூன்று சக்கர வண்டிகளை எங்கும் பார்க்கலாம். அதில் இழுக்கிறவர் அந்த ஊர் வேலைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் செலவில் விடுப்பு எடுத்து வந்த டாக்டராகவோ வங்கி அதிகாரியாகவோ இருக்கலாம். முழங்கால் தேய்ந்த பாட்டி, பக்கவாதம் வந்த சித்தப்பா என்று யாரையாவது சேர்த்துக்கொண்டு போவதென்றால் வேறு இடம் யோசிக்கவே வேண்டாம். சாயந்தரம் 5 மணி நற்கருணைப் பவனி முடிவில் நோயாளிகளுக்கு ஆசீர் கொடுப்பார்கள்.

புதுமை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1883 முதல் அங்கே மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. குணமானதாக வந்து சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில். திருச்சபை புதுமை என்று அறிவித்தவை 70-ஐ ஒட்டித்தான். இந்தக் கறார்தான் எனக்கு லூர்தின் மேல் மரியாதையைக் கூட்டுகிறது. அதேபோல், குளிர்ந்த தொட்டியில் முழுதாக முக்கி எடுக்கும் குளியலைப் பற்றிப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும், கையில் தண்ணீர் ஊற்ற, முகம் கழுவி, ஒரு வாய் குடிக்கும் முறைதான் நடக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அங்கே போய் மூஞ்சி தொங்கிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. கோயில் வாசல் தாண்டியதும் தெருவெல்லாம் பிளாஸ்டிக் மாதா பாட்டில்கள், மினுக்கும் செபமாலைகள். எஸ்பெலூக் குன்றில் ஆளுயரச் சிலைகளோடு இருக்கும் சிலுவைப்பாதை செங்குத்து. வயதானவர்களைக் கீழே ஆற்றுப் பக்கம் இருக்கும் சமதளச் சிலுவைப்பாதைக்கு அனுப்பிவிடுங்கள். பிப்ரவரி 11 திருநாளுக்குப் போகலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பிரனே மலையடிவாரக் குளிரையும், குளிர்காலத்தில் பல ஓட்டல்கள் மூடிக்கிடப்பதையும் கணக்கில் வைக்கவும்.

பாத்திமாவின் குணமே வேறு. அங்கே ஆறு இல்லை, பாறை இல்லை. நிழலே இல்லாத ஒரு பெரும் திடல். ஒரு முனையில் 1953-ல் அருட்பொழிவு பெற்ற செபமாலை அன்னை பேராலயம், எதிர்முனையில் 2007-ல் திறந்த மூவொரு கடவுள் பேராலயம். நடுவே, பக்கவாட்டில், ஒரு சின்னக் கட்டடம். காட்சி நடந்த இடத்தில் 1919-ல் எழுப்பிய சிற்றாலயம் அதுதான். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு "இதுதானா?" என்று தோன்றும்.

ஆனால் வேளாங்கண்ணி போய்ப் பழகிய கண்ணுக்கு பாத்திமா சட்டென்று பிடிபட்டுவிடும். திடலில் இருந்து சிற்றாலயம் வரை ஒரு வழவழப்பான பாதை போட்டிருக்கிறார்கள். அதில் முழந்தாளிலேயே நகர்ந்து போகிறார்கள். செபமாலை கையில், பக்கத்தில் மகளோ கணவனோ தோளைத் தாங்கிக்கொண்டு. நம்மவர் வேளாங்கண்ணி மணலில் செய்வது அதேதான். சிற்றாலயத்தை ஒட்டி மெழுகுதிரி கொளுத்தும் இடம். அங்கே திரி மட்டும் எரிவதில்லை. மெழுகில் வார்த்த கால், கை, தலை, மார்பு, தொட்டில் குழந்தை அளவில் முழுக் குழந்தை என்று வாங்கி வந்து நெருப்பில் போடுகிறார்கள். அனல் முகத்தில் அடிக்கும். பக்கத்துத் திரியின் சூட்டிலேயே நாம் வைத்த திரி வளைந்து சாய்ந்துவிடும். வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் செய்து காணிக்கை போட்ட ஆட்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் போர்ச்சுக்கல் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஒளிரும் சட்டை போட்ட பாதயாத்திரைக்காரர்கள். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களின் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை லூசியா, பிரான்சிஸ்கு, ஜசிந்தா என்று ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள் கண்ட காட்சிகள். ஆகஸ்டில் உள்ளூர் அதிகாரி பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டதால் அந்த மாதக் காட்சி மட்டும் 19-ஆம் தேதி வாலின்யோசில். பிரான்சிஸ்குவும் ஜசிந்தாவும் சிறுவயதிலேயே இறந்து, 2017-ல் புனிதரானார்கள். லூசியா 2005 வரை வாழ்ந்தார். மூவர் கல்லறையும் பழைய பேராலயத்துக்குள்ளேயே இருக்கின்றன. பிள்ளைகள் பிறந்த அல்ஜுஸ்திரெல் வீடுகள் இரண்டு மூன்று கிலோமீட்டரில். தாழ்ந்த கூரை, சின்னச் சன்னல், கல் சுவர். நேரம் கிடைத்தால் ஆலிவ் மரங்களுக்கு நடுவே நடந்தே போங்கள்.

பாத்திமாவில் தேதிதான் எல்லாம். மே முதல் அக்டோபர் வரை மாதம்தோறும் 12 மாலையும் 13 காலையும் பெருவிழா. மற்ற நாளில் போனால் அமைதி. அந்த நாளில் போனால் திடல் முழுக்க மெழுகுதிரி. மறுநாள் மாதா சுரூபம் சிற்றாலயத்துக்குத் திரும்பும்போது எல்லோர் கையிலும் வெள்ளைக் கைக்குட்டை. தேம்பி அழாதவர் குறைவு. 1981 மே 13-ல் போப் இரண்டாம் யோவான் பவுல் மேல் பாய்ந்த குண்டைப் பதித்த கிரீடத்தையும் முக்கிய விழாக்களில்தான் சுரூபத்துக்குச் சூட்டுவார்கள், மற்ற நாளில் அது அருங்காட்சியகத்தில். அறை கிடைப்பதுதான் சிக்கல். மே 13-க்குப் போவதென்றால் முந்தின வருஷமே பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் 13-ஐத் தேர்ந்தால் குடை கட்டாயம்.

சாப்பாட்டில் பாத்திமா ஜெயிக்கிறது. ஐரோப்பாவிலேயே ஆளுக்கு அதிகம் அரிசி தின்கிறவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். மீன் போட்ட சோறு எளிதாகக் கிடைக்கும். அவர்களுடைய உப்புப் போட்டு உலர்த்திய காட் மீன் நம் கருவாட்டுக்கு அண்ணன். தூரத்திலும் சௌகரியம்: லிஸ்பனில் இறங்கினால் ஒன்றரை மணி நேர பஸ். லூர்துக்கு தூலூஸ் வழி பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பாரிஸ் வழி என்றால் டிஜிவி ரயிலில் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டையும் சேர்த்தால்? சாலை வழி ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். இங்கேதான் நம் ஊர் வேன் கணக்கு பொய்க்கும். ஐரோப்பியச் சட்டப்படி ஒரு டிரைவர் நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு. "அண்ணே, இன்னும் கொஞ்ச தூரம் அழுத்துங்க" என்று கேட்க முடியாது, வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. ஆக, நடுவில் பூர்கோசிலோ சலமன்காவிலோ ஓர் இரவு போயே தீரும். பத்து நாள் திட்டத்தில் ரோமையும் பாரிசையும் வைத்துக்கொண்டு இதையும் திணித்தால் லூர்துக்கு ஓர் இரவு, பாத்திமாவுக்கு ஓர் இரவு. அந்த ஓர் இரவிலும் பஸ் லேட் என்றால் பவனி போச்சு. பன்னிரண்டு நாளாவது இருந்து, ரோமை வெட்டிவிட்டு, தூலூஸிலிருந்து லிஸ்பனுக்கு இரண்டு மணி நேர விமானம் பிடிப்பதாக இருந்தால் மட்டும் "ரெண்டும்" என்பதற்கு நான் கை தூக்குவேன். ரோமை வெட்டச் சொன்னால் பங்கில் சண்டை வரும், தெரியும். ரோம் தனியாக ஒரு பயணத்துக்குக் காத்திருக்கட்டும்.

மெட்ஜுகோரியே பற்றிச் சுருக்கமாக. போஸ்னியா-ஹெர்சகோவினாவில் 1981 ஜூனில் ஆறு இளையவர்கள் கண்டதாகச் சொன்னது. அவர்களில் சிலர் இன்றும் காண்பதாகச் சொல்கிறார்கள். 2019-ல் போப் பிரான்சிஸ் திருயாத்திரைக்கு அனுமதி கொடுத்தார். 2024 செப்டம்பரில் வத்திக்கான் "தடையில்லை" என்றது. அது பக்திக்குக் கிடைத்த பச்சைக்கொடி. காட்சிகள் உண்மை என்று அறிவித்த முடிவு இல்லை. லூர்தையும் பாத்திமாவையும் அதே தட்டில் வைத்து நோட்டீஸ் அடிக்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அங்கே நல்லது பாவசங்கீர்த்தனம்: பல மொழியில் சாமியார்கள், நீண்ட வரிசைகள். கஷ்டமானது மலை. காட்சி மலையும் சிலுவை மலையும் கூரிய கற்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் குழுவென்றால் அங்கேதான் அனுப்புவேன். குரோவேஷியாவில் இறங்கி பஸ்ஸில் போவது வழக்கம். குரோவேஷியா 2023 முதல் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் ஒன்று, போஸ்னியா இல்லை. ஆகவே மல்டிபிள் என்ட்ரி விசா இல்லையென்றால் எல்லை தாண்டியவர் திரும்பி உள்ளே வர முடியாது. விசா கையில் வந்ததும் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

விசாவைப் பொறுத்தவரை, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் மனு போட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு அவசியம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக்காரர்களும் அதே ஜன்னலில் நிற்பார்கள். ஆறு மாதம் முன்பே போட அனுமதி உண்டு. எருசலேம் யாத்திரைக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகையை இதற்கும் கேட்டு அலைய வேண்டாம், கிடைக்காது.

உடன் வரும் சாமியார் மறக்கக் கூடாதது, ஆயரிடமிருந்து வாங்கிய செலெப்ரெட், அதாவது இவர் பூசை வைக்கத் தகுதியுள்ள குரு என்று சொல்லும் கடிதம். அது இருந்தால்தான் தமிழ்ப் பூசைக்குத் தனிச் சிற்றாலயம் கேட்டுப் பதிவு செய்யலாம். அதையும் ஊரிலிருந்தே செய்துவிடுங்கள். லூர்து தேர்ந்தவர்கள் நடுவில் ஒரு புதனோ ஞாயிறோ வரும்படி தேதி போடவும். சீசனில் அந்த இரு நாள்களில்தான் நிலத்தடியில் இருக்கும் பத்தாம் பத்திநாதர் பேராலயத்தில் பன்னாட்டுப் பூசை, காலை 9.30-க்கு.

ஜெர்மனியில் பிள்ளையோ சொந்தமோ இருக்கிறவர்களுக்கு இதெல்லாமே தேவைப்படாமலும் போகலாம். நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கெவலார் என்று ஓர் ஊர், 1642 முதல் ஒரு சின்னக் காகிதப் படத்து மாதாவைத் தேடி மக்கள் வரும் தலம். வருஷாவருஷம் ஆகஸ்டில் அங்கே தமிழர் திருயாத்திரை நடக்கிறது. ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில், சைவர்களும் சேர்ந்தே வருவார்கள். பூசை தமிழில், பாட்டு தமிழில். அழைப்புக் கடிதத்தை உறவினரே அனுப்பிவிட்டால் ட்ராவல்ஸ்காரர் நோட்டீஸைத் திறக்கவே வேண்டியதில்லை.