பின் லைட்டு பல்பு: சாதாவா, எல்இடியா? ஒரே வண்டியில் மாட்டிப் பார்த்த கதை

"மச்சான், பின்னாலேருந்து பார்த்தா உங்க வண்டி மோட்டார்சைக்கிள் மாதிரி இருக்கு" என்று தங்கச்சி மாப்பிள்ளை சொன்னபோதுதான் இடப்பக்கப் பின் லைட்டு செத்துப்போனதே எனக்குத் தெரிந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் பனி இறங்கிக் கிடக்கும், பின்னால் பழக்குலை ஏற்றிய லோரி வரும், அவனுக்கு நாம் மோட்டாராகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

என்னுடையது பழைய புரோட்டோன் வீரா கார். அதில் பிரேக்குக்கும் பின் லைட்டுக்கும் ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை. பித்தளைக் கழுத்தில் 12 வோல்ட், 21/5 என்று பொறித்திருக்கும். பிரேக் அழுத்தினால் 21 வாட், இரவில் சும்மா எரிய 5 வாட். கடையில் 1157 என்று கேட்டாலும் இந்த அளவைத்தான் எடுத்துத் தருவார்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் பித்தளையே இல்லாமல் கண்ணாடி அடியோடு செருகும் பல்பு இருக்கிறது, அதனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போவதுதான் நல்லது. கழற்றியதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் ஆயுள் முடிந்து போனது, பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று உள்ளே போய்விட்டது, காதருகே ஆட்டினால் கிணுகிணு என்றால் இழை அறுந்து கிடக்கிறது. என்னுடையது கிணுகிணு. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, பாதி மலாய், பாதி தமிழில் கேட்டார்: "அண்ணே, சாதாவா, எல்இடியா?" எனக்கும் ஆசை விடவில்லை. சாதா ஒரு ஜோடி, வெள்ளை எல்இடி ஒரு ஜோடி, இரண்டையும் வாங்கிவிட்டேன். எல்இடிக்குக் கொடுத்த காசில் சாதா பல்பு ஐந்தாறு வாங்கியிருக்கலாம், வீட்டுக்காரியிடம் விலையைச் சொல்லவில்லை.

அன்றிரவு வலப்பக்கம் சாதா, இடப்பக்கம் வெள்ளை எல்இடி மாட்டி, மகளைச் சீட்டில் உட்கார வைத்து "பிரேக்கை அழுத்தும்மா, விடும்மா" என்று சொல்லிக்கொண்டே ஐம்பது அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். கிட்டத்தில் நின்றால் எல்இடிதான் பளிச். தூரம் போகப் போகக் கதை மாறியது. சாதா பல்பு லைட்டு முழுக்கச் சிவப்பை நிரப்பியது. எல்இடி பக்கம் நடுவில் ஒரு புள்ளி, ஓரமெல்லாம் இருட்டு, சிவப்பும் வெளுத்துப்போன ரோஸ் நிறம். காரணம் இரண்டு. வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி மேல் மஞ்சள் பூச்சு போட்டுச் செய்வது, அதில் சிவப்பு குறைச்சல், சிவப்புக் கண்ணாடியோ சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். அப்புறம், லைட்டுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் கிண்ணம் இழை உட்காரும் இடத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தது, சோளக்கதிர் மாதிரி சுற்றிலும் சில்லு ஒட்டிய எல்இடி அந்தக் கணக்குக்குள் வராது.

அதைவிட மோசம் பிரேக். சாதாவில் 5 எங்கே, 21 எங்கே, அழுத்தியதும் யாருக்கும் தெரியும். நான் வாங்கிய எல்இடியில் மகள் அழுத்துகிறாளா, விட்டாளா என்று கத்திக் கேட்க வேண்டியிருந்தது. பின்னால் வரும் லோரிக்காரன் கத்திக் கேட்கமாட்டான்.

எல்இடியைச் சும்மா திட்டவும் மனசு வரவில்லை. இழை சூடாகி முழு வெளிச்சம் வர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்இடி அழுத்தின உடனே எரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது ஐந்து மீட்டருக்கு மேல். குலுங்கினால் அறுந்துபோக இழையும் இல்லை, கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் அதே காரணத்தால் வண்டி திரும்பும்போது போடும் சிக்னலில் மாட்டினால் பல வண்டிகளில் படபடவென்று அடித்துக்கொள்ளும், பல்பு செத்துவிட்டது என்று சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கும் ரிலே நினைத்துக்கொள்ளும். சிக்னலுக்கு எல்இடி வேண்டவே வேண்டாம்.

சிவப்பு எல்இடி? வெள்ளையைவிடத் தேவலை, நிறம் சரியாக வரும். கிண்ணக் கணக்கு மட்டும் அப்படியேதான். எல்இடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள் சிவப்பை வாங்குங்கள். ஒரு ஜோடியாகவே மாட்டுங்கள், இரவில் யாரையாவது பிரேக்கை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி லைட்டையே இருட்டாக்கும் தம்பிகளிடம் எனக்குப் பேச்சில்லை.

சாதாவிலேயே இன்னொரு கேள்வி: பேர் தெரியாததா, ஓஸ்ராம், பிலிப்ஸ் மாதிரி தெரிந்ததா? இங்கே நான் காசு பார்க்கமாட்டேன். மலிவான ஒன்றில் கழுத்து ஆட்டம் கண்டு இழை கோணலாக நின்றதைக் கண்ணால் பார்த்தேன். நீண்ட ஆயுள் என்று போட்டு விற்பதும் உண்டு, வெளிச்சம் ஒரு சுற்று குறையலாம், ரோடு மோசமானால் அதை எடுக்கலாம்.

மாட்டும்போது ஒரு விஷயம். 21/5 பல்பின் கழுத்தில் இருக்கும் இரண்டு குமிழும் ஒரே உயரத்தில் இருக்காது. திருப்பி வைத்து முரட்டுத்தனமாக அமுக்கினால் சில பழைய ஹோல்டரில் உள்ளே போய்விடும், அப்புறம் இரவெல்லாம் பிரேக் வெளிச்சம், பிரேக் அழுத்தினால் ஒன்றும் தெரியாது.

கடைசியில் பார்த்தால் என் வண்டியில் பாதிக் குற்றம் ஹோல்டருடையது. லைட்டு ஓரத்து ரப்பர் காய்ந்து மழைத்தண்ணீர் இறங்கி, எர்த், அதாவது கரண்டு திரும்பிப் போகும் தகடு பச்சை பூத்திருந்தது. பிரேக் அழுத்தும்போது சிக்னலும் லேசாக எரிந்தால் பல்பை மாற்றாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள். சேண்ட்பேப்பரால் தேய்த்ததும் வலப்பக்கத்துப் பழைய பல்பே புதுசு மாதிரி எரிந்தது.

இப்போது இரண்டு பக்கமும் சாதாதான். உபரியாக இரண்டு பல்பைப் பழைய காலுறையில் சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருந்தேன். ஒன்றை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் தரவில்லை.