பாரோவில் மூன்று இரவு: மிளகாய்க் குழம்பும் கல் குளியலும்

பூட்டானில் பாரோ பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி வீட்டில், போன அக்டோபரில் நானும் தங்கையும் மூன்று இரவு தங்கினோம். செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியர்கள் தலைக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் அதற்கு மேல். அவர்களுடைய பணமான ஙுல்ட்ரமும் நம் ரூபாயும் சரிசமம் என்பதால் கணக்குப் போட்டு மண்டை காய வேண்டியதில்லை.

மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திக் கட்டிய வீடு. முன்பு மாடு கட்டிய கீழ்த்தளத்தில் இப்போது உருளைக்கிழங்கு மூட்டைகள். மேலே போவதற்குப் படி என்று அவர்கள் சொல்வது உண்மையில் ஏணிதான். வீட்டிலேயே நல்ல அறை பூஜை அறை. பாட்டி காலையில் புத்தர் முன்னால் ஏழு கிண்ணங்களில் தண்ணீர் நிரப்புவார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். மாலையில் அத்தனையையும் கொட்டித் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். நான் இரண்டு நாளும் வேடிக்கை பார்த்தேன், பாட்டி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

சமையலறைக்கு வருவோம். அங்கே முக்கியக் குழம்பு எமா தாட்சி. எமா என்றால் மிளகாய், தாட்சி என்றால் பாலாடைக்கட்டி. நாம் தாளிக்க இரண்டு மிளகாய் கிள்ளிப் போடுகிறோம். அங்கே மிளகாய்தான் காயே. வீட்டுக்கார அம்மா இரண்டு கைப்பிடி பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறி, வெங்காயம், தக்காளி, பூண்டோடு வேகவைத்து, பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட்டு மூடிவிட்டார். மஞ்சள் இல்லை, தாளிப்பு இல்லை. முதல் கவளம் 'இவ்வளவுதானா' என்றிருந்தது. மூன்றாவதில் காது அடைத்தது. கூடவே சிவப்பரிசிச் சோறு, மாப்பிள்ளைச் சம்பாவைவிட மென்மை, லேசாக ஒட்டும். சூஜா என்று வெண்ணெயும் உப்பும் போட்ட டீ ஒன்று உண்டு, அதை நம்மூர் டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான். கஞ்சித் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டால் இறங்கிவிடும்.

இன்னொன்று. போதும் என்றால் வாயைக் கையால் மூடி 'மேஷு மேஷு' என்று சொல்ல வேண்டும் என்று வழிகாட்டிப் பையன் சொல்லித் தந்தான். சொன்னேன். மறுபடியும் சோறு விழுந்தது. முதல் தடவை மறுப்பது வெறும் மரியாதையாம்! இதை முன்பே சொல்லக்கூடாதா?

மூன்றாம் நாள் தக்த்சங் என்ற புத்த மடத்துக்கு ஏறினோம். 3,120 மீட்டர் உயரத்தில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1692-இல் கட்டியது 1998-இல் தீயில் எரிந்துபோய், மறுபடி எழுப்பியதுதான் இப்போது நாம் பார்ப்பது. குதிரை பாதி வழிவரைதான். மீதி நம் கால். இறங்கி வந்தபோது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் கல் குளியல். ஆற்றுக் கற்களை விறகுத் தீயில் சிவக்கச் சுட்டு, இடுக்கியால் தூக்கி மரத்தொட்டியின் ஒரு ஓரத்தில் போடுகிறார்கள். நடுவில் ஓட்டை போட்ட பலகை இருப்பதால் கல் நம்மேல் படாது, சூடு மட்டும் வரும். தண்ணீரில் மிதந்த இலையைக் கசக்கிப் பார்த்தேன். மருக்கொழுந்தின் உறவுக்காரச் செடி, வாசனையிலேயே தெரிந்துவிட்டது. சூடு குறைந்ததும் வெளியே குரல் கொடுத்தால் இன்னொரு கல் 'சொய்ங்' என்று விழும். முக்கால் மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. தங்கை கதவைத் தட்டிச் சண்டை போட்டாள்.

ஒரே குறை: குளியலும் கட்டணத்தில் அடக்கம் என்று இங்கே பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட் சொல்லியிருந்தார். அங்கே தனியாகக் காசு கேட்டார்கள். கல் சுட ஒரு பாரம் விறகு போகிறது, வீட்டுக்காரர்கள் கேட்டதில் தப்பில்லை. ஏஜென்டைத்தான் திட்டினேன்.

ஐந்துக்கு நாலரை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் அந்த ஏணியில் இறங்கித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும், டார்ச் அவசியம்.