எட்டு வருடத்தில் ஆறு மாநாடு: கிளிநொச்சியிலிருந்து ஓர் ஐடி வேலைக்காரனின் அனுபவம்

கிளிநொச்சியில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். கடை என்று சொன்னாலும் விற்பனை குறைவு. பாமசி, ஹாட்வெயார் கடை, அரிசி ஆலை, தனியார் கல்வி நிலையம் என்று முப்பது வரையான இடங்களில் கணினி, பில் மெசின், கமரா, இணைய இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துக் கொடுப்பதுதான் தொழில். பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு வரை மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். என்னைப் போலத் தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ சிறு தொழில்களுக்கு ஐடி வேலை செய்பவர்களுக்காகக் கொழும்பில் வருடத்துக்கு ஒரு மாநாடு நடக்கிறது. இரண்டு நாள். 2018 ஜூனில் முதல்முறை போனேன். 2020, 2021 இரண்டும் இணையவழி. 2023 இலிருந்து மூன்று வருடமும் நேரில். போய் வந்த கையோடு எழுதியிருந்தால் மண்டபத்தையும் பேச்சாளர்களையும் பற்றித்தான் எழுதியிருப்பேன். அங்கே கேட்டது கடையில் என்ன ஆனது என்று சொல்ல இத்தனை வருடம் தேவைப்பட்டது.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் தாங்கக்கூடியதுதான், முன்கூட்டிப் பதிந்தால் இன்னும் குறையும். மற்றச் செலவுதான் கூட. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். 2013 செப்டெம்பரில் எங்கள் ஊருக்கு ரயில் திரும்பி வந்தது பெரிய உதவி, இரவு ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 2023 இல் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே தண்டவாளத் திருத்த வேலை நடந்ததால் இரவு பஸ்ஸில் போனேன். முதல் நாள் மத்தியானம் வரை கண் சொருகிக்கொண்டே இருந்தது. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரும். அதோடு மூன்று நாள் கடை பூட்டு. தனியாளுக்கு அந்த மூன்று நாள்தான் பெரிய விலை. அந்த நேரம் பார்த்து ஒரு பாமசியில் பில் மெசின் நின்றுவிட்டால் ஓடிப்போக ஆள் இல்லை. இப்போது புறப்படும் முன் எல்லாருக்கும் சொல்லி, அவசரத்துக்கு வவுனியாவில் ஒரு நண்பனின் நம்பரையும் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.

முதல் வருடம் மொழிதான் தடையாக இருந்தது. பேச்சுகள் ஆங்கிலத்தில், இடைவேளைக் கதை சிங்களத்தில். திரையில் எழுத்து இருந்தால் ஆங்கிலம் பிடிபடும். தேநீர் மேசையைச் சுற்றி நிற்பவர்களோடு போய்ச் சேரத்தான் தயக்கம். முதல் நாள் முழுக்க ஓரமாக நின்றேன். அன்று கொப்பியில் எழுதியதில் பின்னால் பயன்பட்டது ஒரே வரி: 3-2-1. தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் படங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லிப் பிரபலமாக்கிய விதி இது. கேட்டபோது பெரிதாகப் படவில்லை. ஊருக்கு வந்து இரண்டு பாமசிகளுக்கு அப்படியே செய்து கொடுத்தேன். பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கும் செய்ய வேண்டும் என்று குறித்து வைத்தேன். ஆலை ஐயா, "சிறுபோக நெல்லு முடியட்டும் தம்பி, பிறகு பாப்பம்" என்றார். சிறுபோகம் முடிந்தது. நானும் வேறு வேலையில் விட்டுவிட்டேன்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்த வெள்ளம் வன்னியில் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆலைக்குப் போக எனக்கு மூன்று நாள் எடுத்தது. அலுவலக அறையில் கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் தரையில்தான் இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே சேறும் தவிடும் சேர்ந்து களி மாதிரி இறுகியிருந்தது. விசிறி இறக்கைகளுக்கு இடையில் உமி. ஐயா சுவிட்சைப் போட்டுப் பார்க்கப் போனார், கையைப் பிடித்து மறித்தேன். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். லாச்சிக்குள் பேக்கப் பென் டிரைவ் கிடந்தது. காய வைத்ததும் வேலை செய்தது. ஆனால் அதில் கடைசியாக ஏற்றியிருந்தது ஜூலை மாதக் கணக்கு. ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடையான நெல் எதுவும் அதில் இல்லை.

டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பினோம். பெரும்பகுதி திரும்பி வந்தது, எல்லாம் வரவில்லை. வராத பகுதியை ஐயாவும் நானும் விவசாயிகளைக் கூப்பிட்டுத்தான் நிரப்பினோம். ஆலையில் கொடுத்த துண்டுகளைச் சிலர் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். சிலருடையது நனைந்து ஒட்டிப்போயிருந்தது, வெயிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தோம். எத்தனை மூட்டை, எவ்வளவு முற்பணம், உரத்துக்கு எவ்வளவு கழிவு என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஏற்றினேன். அந்த மூன்று கிழமையும் ஐயா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. ஜூனில் கேட்ட வரியை ஜூலையில் செய்திருந்தால் இத்தனை பேர் வெயிலில் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: மாநாட்டில் கேட்டதில் ஒன்றை மட்டும் தெரிவு செய்து, ஒரு மாதத்துக்குள் எல்லா இடத்திலும் செய்து முடிப்பது. மற்றது கொப்பியில் கிடக்கட்டும்.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வருடம் போகவில்லை. 2020, 2021 இரண்டும் கொரோனாவால் இணையவழி. கடையில் இருந்தபடியே பார்க்கலாம், செலவும் இல்லை. ஆனால் நடுவில் வாடிக்கையாளர் வருவார், போன் அடிக்கும், மழை வந்தால் சிக்னல் போகும். பேச்சுகளைக் கேட்டேன், மனிதர்களைச் சந்திக்கவில்லை. என்றாலும் 2021 இல் ஓர் அமர்வு என்னை உலுக்கியது. அந்த வருடம் ஜூலை 2 ஆம் திகதி கசேயா என்ற நிறுவனத்தின் தொலைவழி நிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும் மென்பொருள், பரப்பினார்கள். நேரடியாக மாட்டிய ஐடி சேவையாளர்கள் 60 பேருக்கும் குறைவு. அவர்களை நம்பியிருந்த சிறு தொழில்கள் 1,500 வரை பாதிக்கப்பட்டன. வாடிக்கையாளரின் வீட்டுக்குக் கள்ளன் வந்தது பழுது பார்ப்பவனின் திறப்பை எடுத்துக்கொண்டுதான். நான் அப்போது தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தேன். நினைவில் வைக்க லேசு என்பதால். அன்றிரவே உட்கார்ந்து இடத்துக்கு ஒன்றாக மாற்றத் தொடங்கினேன், நான்கு நாள் ஆனது. கைபேசிக்கு வரும் இரண்டாவது குறியீட்டையும் எல்லா இடத்திலும் போட்டேன்.

2022 பற்றி என்ன சொல்வது. பெற்றோலுக்குக் கியூ, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மாநாட்டுக்குப் போகும் எண்ணமே வரவில்லை.

2023 தான் எனக்கு முக்கியமான வருடம். அதற்குக் காரணம் ஒரு பேச்சாளர் இல்லை, குருநாகலிலிருந்து வந்த ஒரு சேவையாளர். மத்தியானச் சாப்பாட்டில் எதிரே இருந்தார். அவரும் அரிசி ஆலைகளுக்கு வேலை செய்பவர் என்று தெரிந்ததும் என் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன்: புரொசசரின் மேல் தவிட்டுத் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்த படம். அவர் சிரித்துக்கொண்டு தன் கைபேசியை எடுத்து அதே மாதிரி மூன்று படம் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் அரைகுறை, ஆங்கிலத்தையும் கலந்து பேசிச் சமாளித்தோம். பெட்டியைத் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் சுவரில் இரும்புத் தட்டு அடித்து வைக்கச் சொன்னார். விசிறி இல்லாத சின்னக் கணினிகள் இப்போது மலிவு, ஆலைக்கு அதுதான் சரி என்றார். அப்புறம் காசு பற்றிப் பேச்சு வந்தது.

இந்த மாநாட்டில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் மாதக் கட்டண ஒப்பந்தம் பற்றிப் பேசுவார். பழுதானபின் போய்த் திருத்திக் காசு வாங்குவதை விட, பழுதாகாமல் பார்த்துக்கொண்டு மாதா மாதம் வாங்குவது இருவருக்கும் நல்லது என்பது. நியாயமான பேச்சு. 2019 இல் ஐந்து இடத்தில் தொடங்கிப் பார்த்தேன். மூன்றாம் மாதத்தோடு இரண்டு பேர் நிறுத்தினார்கள், மற்றவர்கள் இழுத்தடித்தார்கள். "பழுதானால் கூப்பிடுறன் தம்பி, சும்மா இருக்கிற மாசத்துக்கு ஏன் காசு?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குருநாகல்காரர் கேட்டார்: உங்கள் ஊரில் ஆட்களின் கையில் காசு எப்போது வரும்? காலபோக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோகம் முடிந்து ஓகஸ்ட், செப்டெம்பரில். அப்படியானால் அப்போது வாங்குங்கள், நான் அப்படித்தான் என்றார்.

ஆலைக்கு மட்டும் இல்லை, வன்னியில் உரக்கடை, ஹாட்வெயார், நகைக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் நெல்லோடுதான் ஏறி இறங்கும். அந்த வருட சிறுபோகத்திலிருந்து போகத்துக்கு ஒரு தடவை என்று கட்டணத்தை மாற்றினேன். இன்று 19 இடங்கள் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. போகம் பிழைத்தால் எனக்கும் பிந்தும். அது தெரிந்துதான் செய்கிறேன்.

2024 இல் கேட்டது விண்டோஸ் 10 இன் முடிவு. 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் என்று மைக்ரோசொஃப்ட் எப்போதோ அறிவித்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனால் வாடிக்கையாளரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அங்கேதான் படித்தேன். ஊருக்கு வந்து எல்லா இடத்திலும் கணினிகளை எண்ணினேன்: 74. எங்கள் பக்கம் கடைகள் வாங்குவது பெரும்பாலும் பாவித்த கணினிகள், நான்காம் ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். 74 இல் 41 தேறவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதலாளியிடமும் பதினைந்து மாதம் முன்னதாகவே போய்ச் சொன்னேன். காலபோகத்தில் ஒன்று, சிறுபோகத்தில் ஒன்று என்று மாற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசி நேரத்தில் சொல்லியிருந்தால் யாராலும் முடிந்திருக்காது.

குறைகளும் இருக்கின்றன. பேச்சுகளில் பாதி விற்பனைப் பேச்சு. ஒரு நிறுவனத்தின் சாவடியில் பங்காளராகச் சேரக் கேட்டேன், குறைந்தது ஐம்பது லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகும் விலையை டொலரிலேயே சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. பேச்சாளர் பலருக்கும் மனதில் இருக்கும் அலுவலகம் ஃபைபர் அறுந்துபோகாத, கரண்ட் நிற்காத அலுவலகம். ஒக்டோபர் இடிமின்னலில் போன் வயர் வழியாக ரவுட்டர் எரிவது பற்றி ஒருவரும் பேசியதில்லை.

தமிழ் பற்றியும் பேச்சில்லை. எங்கள் சங்கங்களிலும் கல்வி நிலையங்களிலும் இருபது வருடக் கடிதங்களும் பெயர்ப்பட்டியல்களும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஒன்றும் விளங்காது. பெயரைத் தேடினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் வேலை எனக்கு வருடம் முழுக்க இருக்கிறது. 2025 இல் கருத்துப் படிவத்தில் இதை ஓர் அமர்வாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், தமிழிலேயே.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மழை தொடங்கிய அன்று பின்னேரம் பரந்தன் ஐயாவுக்குப் போன் எடுத்தேன், கிடைக்கவில்லை. அடுத்த நாளும் கிடைக்கவில்லை. பிறகு அவரே எடுத்தார். தண்ணீர் ஆலை முற்றம் வரை வந்ததாம். கணினி சுவரில் தட்டின் மேல் இருக்கிறது, இரண்டாவது டிஸ்க்கை முதல் நாளே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன், மூன்றாவது பிரதி வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு, "நீ சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தொழில் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் இப்போது வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். பத்து வாடிக்கையாளராவது இருந்தால் போங்கள். பேச்சு ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டு மேசையில் முன்பின் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருங்கள். உங்கள் இடத்தில் எடுத்த படங்களைக் கைபேசியில் கொண்டுபோங்கள், மொழி போதாத இடத்தில் படம் பேசும். சாவடிகளில் கையெழுத்து எதுவும் வைக்காதீர்கள், ஊருக்கு வந்து ஒரு கிழமை யோசித்துவிட்டு வையுங்கள்.

வருகிற முறை புதுக்குடியிருப்பில் இதே வேலை செய்யும் ஒரு தம்பியும் என்னோடு வருகிறார். கடை பூட்டும் நாட்களில் யார் யாருடைய வாடிக்கையாளரைப் பார்ப்பது என்று இப்போதே வவுனியா நண்பனோடு பேசி வைத்திருக்கிறோம்.