எச்சரிக்கை: நனைந்த கணினியிலிருந்து தரவை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகள்

தரவு மீட்புக் கூடத்திலிருந்து அறிக்கை வந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. என் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்தது அதன் மேல் கொட்டிய தண்ணீர் அல்ல, காப்பாற்றித் தருவதாகச் சொல்லி என் அரை மாத வருமானத்தை வாங்கிக்கொண்ட கடைதான் என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கணினி பழுதுபார்ப்பதோடு டேட்டா ரெக்கவரியும் செய்து தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் கடை என்பது போதும். இதே நிலைக்கு ஆளாகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நூல்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். மேல்தளத்துக் குழாய் இரவில் கசிந்து, மேசையடியில் இயங்கிக்கொண்டிருந்த கணினியின் மேல்வலை வழியாக நீர் இறங்கிவிட்டது. காலையில் பார்த்தபோது கணினி அணைந்து கிடந்தது. அந்தப் பதற்றத்திலும் சிலவற்றைச் சரியாகவே செய்தேன். பவர் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உத்தரவாதத்துக்குப் பயன்படுமே என்று அதன் மேல் ஒட்டியிருந்த தாளையும் அடிப்பக்கச் சர்க்யூட் போர்டையும் எண்கள் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த டிஸ்க்கில் 11 ஆண்டு வேலை இருந்தது. மூன்றாம் மெய்ப்பு முடிந்து அச்சுக்குப் போக வேண்டிய 640 பக்க அகராதி ஒன்றும் இருந்தது. காப்புப் பிரதி இல்லையா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இருக்கிறது, 14 மாதம் பழையது, அகராதி வேலை தொடங்குவதற்கு முந்தையது.

கடைக்காரரை நான் நம்பியதற்குக் காரணம், அவர் பேசியது எதுவும் பிதற்றலாக இல்லை என்பதுதான். மின்சாரம் கொடுக்காமல் எடுத்து வந்தது நல்லது என்று முதலில் பாராட்டினார். மூடியிலிருந்த சிறிய காற்றுத் துளையைக் காட்டி, அதன் வழியே நீர் புகுந்திருந்தால் உள்ளே தரவு பதிந்திருக்கும் தட்டுகளில் கறை படிந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கம் உலர்ந்திருப்பதால் போர்டு மட்டுமே பழுதாகியிருக்கும் என்றார். அது முழுக்க உண்மை என்பதுதான் இப்போது வயிற்றெரிச்சலைக் கூட்டுகிறது. கிளீன் ரூம் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே இருக்கிறது, வெளியாட்களை விடுவதில்லை என்று சொல்லி, திரைச்சீலை தொங்கிய ஓர் அறையைக் காட்டினார். தூசி புகக் கூடாத அறைக்குத் துணித் திரையா என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தரவு வராவிட்டால் பணம் வேண்டாம் என்று மேசையருகே எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்படியானால் முன்பணம் எதற்கு என்றதற்கு, மாற்றுப் போர்டு வாங்குவதற்கு மட்டும் என்றார். அரை மாத வருமானத்தை எண்ணி வைத்தேன். ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒரு சொல்லும் தொகையும் தவிர வேறு எதுவும் இல்லை. டிஸ்க்கின் வரிசை எண்ணைக்கூட அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று நாளில் முடியும் என்றார்கள். மூன்றாம் நாள், போர்டு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம், ஸ்கேன் ஓடுகிறது, 40 சதவீதம் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதே 40 சதவீதம்தான். பிறகு பொறியாளர் விடுப்பில் இருந்தார். ஒருமுறை தொலைபேசியை எடுத்த பையன் மட்டும், கடகடவென்று சத்தம் போடுகிற டிஸ்க்தானே என்று கேட்டான், நான் பதில் சொல்வதற்குள் யாரோ அவனிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நான் கொடுத்தபோது அது எந்தச் சத்தமும் போடாத டிஸ்க். 26ஆம் நாள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்து, தண்ணீர் உள்ளே இறங்கித் தட்டு போய்விட்டது என்றார், உள்ளே இறங்கவில்லை என்று முதல் நாள் எனக்கு விளக்கிய அதே மனிதர். பணத்தைக் கேட்டபோது, ஒட்டியிருக்கும் வாசகம் மீட்புக் கட்டணத்துக்கு மட்டும் பொருந்தும், நீங்கள் கொடுத்தது ஆய்வுக் கட்டணம் என்றார். அரை மாத வருமானம் ஒரே வாக்கியத்தில் பெயர் மாறிப் போயிற்று.

முறையான கிளீன் ரூம் வைத்திருக்கும் மீட்புக் கூடத்துக்கு டிஸ்க்கை அனுப்பினேன். டிஸ்க்கில் இருக்கும் போர்டு என்னுடையது அல்ல. என் படத்திலுள்ள எண் வேறு, அதிலுள்ள எண் வேறு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள ஒரு சிறு ரோம் சில்லில் பதிந்திருப்பதால், ஒரே மாடல் போர்டாக இருந்தாலும் பழைய சில்லை எடுத்துப் பொருத்தாவிட்டால் டிஸ்க் பெரும்பாலும் சரியாக இயங்காது, தட்டில் தரவைப் படித்து எழுதும் எழுத்துமுனை இடம் தெரியாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கடையில் அந்த நிலையில் மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் அசையவில்லை என்றதும் சாதாரண மேசையில் வைத்து மூடியையே திறந்திருக்கிறார்கள். முத்திரை கிழிந்திருக்கிறது, ஒரு திருகைக் காணோம், மேல் தட்டில் விரல் ரேகை இருக்கிறது. சில நானோமீட்டர் உயரத்தில் எழுத்துமுனை மிதந்து செல்ல வேண்டிய பரப்பு அது! தட்டைச் சுற்றி வளையமாக உராய்வுத் தடம் விழுந்து, காந்தப் பூச்சு தூளாக உதிர்ந்திருப்பதால் இனி எடுப்பதற்கு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசியவர் இன்னொன்றும் சொன்னார்: இப்படி நனைந்து வரும் போர்டுகளில் பல நேரம் போயிருப்பது மிகை மின்னழுத்தத்தைத் தாங்கும் ஒரு டயோடு மட்டும்தான்.

என் பழைய போர்டையாவது கொடுங்கள் என்று நேற்று மாலை கடைக்குப் போய்க் கேட்டேன். அதுதான் உங்கள் போர்டு, தண்ணீர் பட்டதால் எண் மாறித் தெரிகிறது என்று கண்ணைப் பார்த்துச் சொன்னார். எண் மாறித் தெரிகிறதாம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். நனைந்த டிஸ்க்குக்கு ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காதீர்கள். ஹேர் டிரையரில் காட்டாதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள். உள்ளே நீர் போயிருந்தால் ஈரம் காயாமல் பையில் மூடி மீட்புக் கூடத்துக்கு அனுப்புவதே நல்லது. கொடுப்பதற்கு முன் டிஸ்க், போர்டு இரண்டின் எண்களையும் படம் எடுங்கள், ரசீதில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அரை மாத வருமானம் போனது போகட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மெய்ப்பின் காகிதப் படிகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. இன்றிரவு அகரத்திலிருந்து மறுபடியும் தட்டச்சுச் செய்யத் தொடங்க வேண்டும்.