ஹார்வர்டைச் சாய்த்த இரண்டு சின்ன அணிகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்த சின்ன அணிகள் என்றால் எனக்கு இரண்டுதான் நினைவுக்கு வரும்: 1911-இல் கார்லைல், 1921-இல் சென்டர்.

கென்டக்கியின் டான்வில்லில் இருந்த சென்டர் கல்லூரியில் 300 மாணவர்கள்கூட இல்லை. முந்தைய ஆண்டு 31-14 என்று தோற்றவர்கள், தங்கள் ஆட்டக்காரர் போ மெக்மிலினின் ஒரே ஓட்டத்தில் 6-0 என ஜெயித்தார்கள். ஊர்ச் சுவரில் ‘சி6 எச்0’ (சென்டர் 6, ஹார்வர்டு 0) என்று பெயின்ட் அடித்துக் கொண்டாடினார்கள்.

சரி, கார்லைல்? பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கடித்த அரசு உறைவிடப் பள்ளி அது. அங்கிருந்து வந்த ஜிம் தோர்ப், காலில் கட்டோடு நான்கு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) அடித்தார், கார்லைல் 18-15 என ஜெயித்தது.

இரு அணிகளும் அந்தப் பருவத்தில் தோற்றது ஒரே ஆட்டம்தான். கார்லைல் தோற்றது ஒற்றைப் புள்ளியில், சைரக்கியூஸிடம் 12-11. என் மனசு கார்லைல் பக்கம்தான்.